செய்திக்குள் ஒளிந்த மீன்கறி

பாறசாலைப் பக்கம் ஒரு கல்லூரியின் மாணவர் பத்திரிகை அச்சை விட்டு வாட்ஸப்புக்கு மாறியிருந்தது. அங்கும் படிக்க ஆளில்லை, மூடவேண்டியதுதான் என்ற நிலையில் யோசனை சொல்ல என்னை அழைத்தார்கள். அதை நடத்தியவள் மூன்றாமாண்டு மாணவி. தலையில் ஏற்றிய கண்ணாடியைக் கடைசிவரை கண்ணுக்கு இறக்காதவள்.

என் யோசனைகளைப் பொறுமையாகக் கேட்டாள். “சார் வாறதுக்கு முன்னயே சரியாச்சு. கேன்டீன்ல இன்னைக்கு என்ன கறின்னு ஏதாவது செய்திக்குள்ள ஒளிச்சு வைப்பேனாக்கும். இப்போ எல்லாரும் முழுசா படிக்காவ.”

“இது பத்திரிகையா மக்கா?”

“செய்தியும் உண்டுல்லா சார்!”

சிரித்துக்கொண்டே என்னையும் குழுவில் சேர்த்தாள். ஊர் திரும்பியும் நான் விலகவில்லை. இன்று காலை தேர்வுக் கட்டண உயர்வு பற்றிய நீண்ட கட்டுரையை முழுக்கப் படித்தேன். அநியாயமான உயர்வுதான். மதியத்துக்கு அயிலை மீன்கறி.