தொட்டிக்கு வாங்கிய நல்ல மீன்

முல்லைத்தீவில் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல்நீரும் முருகைக்கல்லும் இட்டு, வண்ணமீன்கள் சிலவற்றை வளர்க்கிறோம். அவை என் மனைவியின் செல்லங்கள்.

புதிதாக ஒன்று சேர்க்க எண்ணி, தோணியில் வந்திறங்கிய மரியான் அண்ணையிடம், “உயிரோட நல்ல மீன் ஒண்டு தாங்கோ” என்றேன். வளர்க்க என்று சொல்லக் கூச்சம். அவர் சிறு கலவாய் மீன் ஒன்றைத் தந்தார்.

அதைத் தொட்டியில் விட்ட சற்று நேரத்தில் மனைவி கத்தினாள்.

“இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ! புது மீன் மஞ்சள் மீன்குஞ்சை விழுங்கிப்போட்டுது!”

உடனே கலவாயை வாளிக்கு மாற்றினேன். மற்றவை தப்பின.

மறுநாள் நடந்ததைக் கேட்டு மரியான் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

“நல்ல மீன் எண்டால் குழம்புக்கு எண்டெல்லோ நினைச்சன்!”

இப்போதெல்லாம் கரையில் நின்றே உரத்துச் சொல்கிறேன்: “அண்ணை, சட்டிக்கில்லை, தொட்டிக்கு!” மற்ற மீனைத் தின்னாது என்று அவர் சொன்னால்தான் வாங்குகிறேன்.