சொட்டும் குடை

நம்புகிறவர்கள் நம்புங்கள். இது நான் கட்டிய கதை இல்லை. என் வீட்டுக் குளியலறையில், பட்டப்பகலில் நடந்தது.

என் மனைவியின் தம்பி ஒரு பழைய ஃபிலிம் கேமராவைக் கொண்டுவந்தான். "வெச்சுக்கோங்க மாமா. எனக்கு இனி வேணாம்." கறுப்பு வெள்ளையில் தெருப் படம் எடுப்பதென்றால் எனக்குப் பைத்தியம். மனம் குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். "நாலு நாள் நிம்மதியா படம் எடுங்க" என்று சிரித்தாள். கொடுத்து வைத்தவன் நான் என்று நினைத்துக்கொண்டேன்.

தெருவில் நான் கேமராவைக் கண்ணில் வைப்பதில்லை. அது வயிற்றருகே தொங்கும். நடந்துகொண்டே அமுக்குவேன். யாரும் முகத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். என்ன விழுந்தது என்று ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் எனக்கே தெரியும்.

கழுவிக் காய்ந்த ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தேன். முதல் படத்தில், தெருக்கோடியில், வெள்ளையாக ஒரு குடை. நெகட்டிவ் அல்லவா, நிஜத்தில் கறுப்புக் குடை. யாரோ வெயிலுக்குப் பிடித்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது கடைத்தெரு. அங்கேயும் அதே குடை... இன்னும் கிட்டே. பேருந்து நிறுத்தத்தில் இன்னும் கிட்டே. முகம் மட்டும் எதிலும் தெரியவில்லை.

கடைசிப் படம் என் வீட்டு வாசலில், ஃபிலிமை முடிப்பதற்காக எடுத்தது. அப்போது அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். ஆனால் நெகட்டிவில் கதவருகே ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பிரிண்ட் போடக் கிளம்பினேன். மணி மூன்று பத்து. எனக்கு இருட்டறையும் குளியலறைதான்; அதன் கதவைத் தாழிட்டேன். சிவப்பு விளக்கு. தட்டில் மருந்து. அதில் தாள்.

முதலில் என் வீட்டுக் கதவு தெரிந்தது. பிறகு ஒரு கை... தாழ்ப்பாளின் மேல்.

குடை மடக்கியிருந்தது. நுனியில் தண்ணீர்.

சொட்... சொட்...

குழாயைப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

சத்தம் என் முதுகுக்குப் பின்னால்...

திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தாழைத் தடவித் திறந்து, தெருவுக்கு ஓடினேன். மச்சானுக்குப் போன் போட்டேன்.

"டேய், இந்தக் கேமரா யாருதுடா?"

மெல்லக் கேட்டான். "குடைய மடக்கிடுச்சா மாமா?"

குடையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

"எனக்கு வாசல் வரைக்கும்தான் வந்துச்சு. வேற கைக்கு மாத்தினா நம்மள விட்டுடும்னு சொன்னாங்க. மன்னிச்சிடுங்க."

"பாவி! உனக்கு நான்தானா கிடைச்சேன்?"

"நான் மாட்டேன்னுதான் சொன்னேன். எங்க வீட்ல கைக்குழந்தை இருக்கேன்னு, அக்காதான் உங்களுக்குக் குடுக்கச் சொன்னா."

குடைக்காரன் பயமுறுத்தத்தான் செய்தான். அவள் சிரித்த சிரிப்பு என்னைக் கொன்றேவிட்டது.

மூன்று மாதம் ஆகிறது. இன்னும் அவள் திரும்பி வரவில்லை. தினமும் போனில் "சாப்பிட்டீங்களா?" என்று பாசமாக விசாரிக்கிறாள். எப்போது வருகிறாய் என்று கேட்டால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள்.

"கேமராவ யாருக்காவது குடுத்துட்டீங்களா?"