பேப்பர் மரத்தில் கட்டிய மஞ்சள் துணி

அடுத்தவர் பொருளைப் பார்த்து வயிறெரிவதில் எனக்குச் சின்ன வயதிலேயே நல்ல பயிற்சி. பயிற்சி கொடுத்தவள் சித்தப்பா மகள். என்னைவிட எட்டு மாதம் இளையவள், என்னைவிடச் சிவப்பு, என்னைவிட நீளமான சடை. இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். அவளுக்கு மரங்கள் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கரிசல் பூமி. பருத்தி, உளுந்து, கம்பு, அதற்கு அப்பால் வானம்தான். அந்த நிலத்தில் சித்தப்பா தன் பங்கு முழுவதிலும் சவுண்டல் கன்றுகளை நட்டார். ஒரு காகித ஆலைக்காரர்கள் கன்று கொடுத்து, வளர்ந்ததும் தாங்களே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஊர் சிரித்தது. சீமைக்கருவேலத்தைத் தூரோடு பிடுங்கி எறிந்தே முதுகு ஒடிந்தவர்கள், வலியப் போய் மரம் நடுகிறவனைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? 'பேப்பர் மரம்' என்று கேலியாகப் பேர் வைத்தார்கள்.

மூன்று வருடம் அந்த நிலத்திலிருந்து ஒரு பிடி தானியம் வீட்டுக்கு வரவில்லை. சித்திதான் விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப் போய், இருட்டிய பிறகு வந்து, குடும்பத்தை ஓட்டினாள். இந்த மரம் வெட்டுப்பட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிடலாம் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. நிழல்தான் கண்ணில் பட்டது. பக்கத்து நிலம் எங்களுடையது. எங்கள் பருத்தியில் களை எடுக்கிற பெண்கள், என் அம்மா உட்பட, மத்தியானம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவர்கள் மரத்தடிக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் எங்கள் பொழியில், இரண்டு நிலத்துக்கும் நடுவிலிருந்த வரப்பில், கொளுத்துகிற வெயிலில், வீம்புக்கு உட்கார்ந்து சாப்பிடுவேன். சித்தப்பா மகள் மரத்தில் சாய்ந்தபடி என்னைப் பார்ப்பாள்.

"நீ எழுதுத நோட்டெல்லாம் இனிமே எங்க மரத்துலதான் செய்வாவ" என்றாள் ஒரு நாள்.

அன்றிலிருந்து நோட்டைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பாவுக்கும் அந்த மரங்களால் ஒரு சங்கடம் இருந்தது. வேர் ஈரத்தை இழுத்துக்கொண்டதில் பொழியோரம் எங்கள் பருத்தி இரண்டு வரிசை வளராமல் நின்றுவிட்டது. ஒரே ஒரு தடவை டீக்கடையில் வைத்துத் தம்பியிடம் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் டீக்கடையில் சொன்னது ஊருக்கே சொன்னமாதிரி.

எனக்குப் பதினொரு வயதில் வெட்டுக்கு நாள் குறித்தார்கள். லாரி வருகிறது, லாரியில் முன்னால் உட்கார்ந்து ஊர் எல்லைவரை போகப்போகிறேன் என்று அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் கண்மாய்க்கரையில் ஒரு உடைமரம் உண்டு. யாரோ எப்போதோ மஞ்சள் துணி கட்டி நேர்ந்துவிட்ட மரம். ரோடு போட வந்தவர்கள்கூட அதைத் தொடப் பயந்து ரோட்டை வளைத்துப் போட்டார்கள். கட்டியவர் கையால் அவிழ்த்துத் தேங்காய் உடைத்தால்தான் அப்படிப்பட்ட மரத்தில் கைவைக்கலாம் என்பார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டில் ஆணியில் தொங்கிய ஜவுளிக்கடை மஞ்சள் பையைக் கிழித்தேன். கடைப்பெயர் தெரியாதபடி உள்பக்கமாக மடித்து, குங்குமம் தடவி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் பொழியோரத்து மரங்கள் ஆறில் கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் லாரி வந்து நின்றது. வெட்டுக்காரர்கள் உள்ளே போனவர்கள் அப்படியே திரும்பி வந்தார்கள். அவர்களில் பெரியவர், "அண்ணாச்சி, நேந்துவிட்ட மரம் நிக்குத காட்டுல நாங்க கோடாலி வைக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுத் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா சித்தியைப் பார்த்தார், சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெற்கே மேகம் கட்டியிருந்தது. கரிசலில் ஒரு மழை விழுந்தால் போதும், லாரிச் சக்கரம் பாதிக்குமேல் புதைந்துவிடும். பிறகு தை மாதம்வரை வண்டி உள்ளே வராது. சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டத்தைப் பார்த்து அப்பாவும் வந்தார். ஒரு மரத்தடியில் குனிந்து முடிச்சைப் பார்த்தார். ஓரத்தில் மடிப்பு விலகி, கடைப்பெயரில் பாதி எழுத்து தெரிந்திருக்க வேண்டும். எனக்குச் சீருடை வாங்கிவந்த பை அது. நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் அம்மாவின் பின்னால் நின்றேன்.

"நாந்தான் கட்டினேன்" என்றார் அப்பா. "நம்ம பருத்திய நெனச்சு நேந்துகிட்டேன். நானே அவுத்துருதேன்."

சாமி பேரைச் சொல்லி அதற்குமுன் அவர் பொய் சொன்னதே இல்லை. ஆறு துணியையும் யாரும் கிட்ட வருமுன் அவரே அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டு, தேங்காய் வாங்கிவரச் சொல்லி உடைத்தார். வெட்டு தொடங்கியது.

சித்தப்பா சத்தம் போடவில்லை. "ஏண்ணே, ஒனக்கு மனசுல இவ்வளவு இருந்துதா?" என்று மட்டும் கேட்டார். அப்பா குனிந்து தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கினார். நான் பிழைத்தேன் என்று பெருமூச்சு விட்டேன். லாரி புறப்பட்டபோது அவள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கையாட்டினாள். அப்போதும் எனக்கு வயிறெரிந்தது.

சித்தி தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸை விட்டாள். சிரித்த ஊர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சித்தப்பாவிடம் கன்று கேட்டு வந்தது. அவர்தான் ஆலையில் சொல்லி எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தார். வானம் பார்த்துத் தரிசாகக் கிடந்த நிலமெல்லாம் பச்சையானது. வேலையில்லாத கோடையில் பெண்களுக்குப் பட்டை உரிக்கிற வேலை கிடைத்தது. உரித்த பட்டை அவர்கள் அடுப்புக்கு ஆயிற்று, தழை ஆட்டுக்கு ஆயிற்று. வருடத்துக்கு வருடம் லாரிகள் கூடின.

எங்கள் நிலம் மட்டும் மொட்டையாக நடுவில் கிடந்தது. டீக்கடையில் தம்பியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட அண்ணன் என்று பேச்சு வந்தால், அப்பா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

"எல்லாரும் நடுதாவ, நீங்க மட்டும் ஏம்ப்பா நட மாட்டேங்கீய?" என்று அவரிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

"நமக்கு அது ஒத்து வராதுட்டி" என்பார்.

தம்பியின் வெட்டை மறித்தவன் எந்த முகத்தோடு அதே தம்பியிடம் போய்க் கன்று கேட்பான்? அது எனக்கு அப்போது புரியவில்லை. வெட்டிய தூரிலிருந்து தழைத்த மரங்களுக்காகச் சித்தப்பா நிலத்துக்கு மறுபடி லாரி வந்தபோது, கையாலாகாத மனுஷருக்கு மகளாகப் பிறந்துவிட்டோமே என்று அப்பாவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.