ரிமோட் நம்பரை எழுதித் தராதவர்

சண்டை முடிந்த வருடம், புளியந்தீவுக் கடையிலிருந்து டிஷ் பூட்ட ஒருவர் வீட்டுக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை வயரால் கட்டியிருந்தார். ரீவி, டெக், டிஷ் பெட்டி மூன்றையும் ஒரே ரிமோட்டில் வேலைசெய்ய வைத்துவிட்டு, மூன்றின் கோட் நம்பரையும் என்னை ஒப்புவிக்கச் சொன்னார். பற்றரி மாற்றினால் திரும்ப அடிக்க வேண்டுமாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? துண்டில எழுதித் தாங்க."

"இப்பிடி நம்பர் எழுதின துண்டு பைக்குள்ள இருந்ததுக்குத்தான் என்னை ஆமிச் சென்ரியில மறிச்சுப் பிடிச்சாங்க. ரகசியக் கோட் எண்டாங்க, ரீவி நம்பர் எண்டு சொல்லியும் நம்பல்ல. ஒரு கிழமை வச்சு அடிச்சாங்க."

"அதான் சண்டை முடிஞ்சிட்டே!"

"ஓம். நீங்க நம்பரைச் சொல்லுங்க."

அந்த ரிமோட் எப்போதோ பழுதாகிவிட்டது. மூன்று நம்பரும் எனக்கு இன்னும் பாடம். படம் பார்க்கிற நம்பருக்காக ஒரு மனிதரை அடித்தார்களே என்று இன்றைக்கும் பத்திக்கொண்டு வருகிறது.