ஜோக்கரின் கை

அரியாங்குப்பம் ஆற்றோரம் மூடிக் கிடக்கும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் போன ஞாயிற்றுக்கிழமை நுழைந்தேன். கேட்டில் பூட்டு தொங்குகிறது, பக்கத்துச் சுவர்தான் இல்லை. கருவேல முள்ளை ஒதுக்கிக்கொண்டு ராட்டினத்தருகே போனேன். பெட்டிகளெல்லாம் போய், துருப்பிடித்த வட்டம் மட்டும் நின்றது. அதன் பக்கத்தில் அந்தப் பாழாய்ப்போன சிமெண்ட் ஜோக்கர் இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

அந்தக் கை உயரத்துக்கு வளராத பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்ற மாட்டார்கள். என் தங்கைக்கு எப்போதும் கொஞ்சம் குறையும். அதற்காகவே அம்மா அவளுக்கு உச்சிக்கொண்டை போட்டு, கனகாம்பரத்தைச் சுற்றி அழைத்து வருவாள். ராட்டினக்காரர் கொண்டையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துச் சிரிப்பார்.

"அடுத்த வருஷம் வா பாப்பா."

நான் மட்டும் ஏறுவேன். உச்சிக்குப் போனால் ஆறு கடலில் சேருமிடம் தெரியும். இறங்கியதும், "என்னாண்ணா தெரிஞ்சுது?" என்று கேட்பாள். அவள் வளர்வதற்குள் பூங்காவை மூடிவிட்டார்கள். பிறகு கல்யாணமாகி பாரீசுக்குப் போனவள், இந்தப் பக்கம் வருவதே அபூர்வமாகிவிட்டது.

அங்கிருந்தே வீடியோ காலில் அவளைக் கூப்பிட்டு ஜோக்கரைக் காட்டினேன். மூக்கு உடைந்திருந்தது.

"நல்லா வேணும் அவனுக்கு" என்றாள்.

இருவரும் சிரித்தோம்.

"போனை அவன் கைக்குக் கீழ புடிண்ணா."

பிடித்தேன். திரையில் அவள் முகம், தலையில் இரண்டொரு நரை.

"இப்ப கொஞ்சம் மேல தூக்கு."