ஜும்ஆவுக்குப் பூட்டிய வெப்சைட்

எரிச்சலைக் கொட்ட வேறு இடமில்லை சகோதரிகளே, இங்கேதான் வந்தேன்.

நான் தைக்கும் அபாயாக்களைக் காட்ட மகள் ஒரு வெப்சைட் செய்து தந்தாள். அதை ஓட்ட வெளியில் ஒரு கம்பெனியிடம் இடம் எடுத்தால் மாதாமாதம் செலவாம். அதனால் தன் பழைய ஃபோனிலேயே அதை ஓட விட்டு, ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்திருக்கிறாள்.

இன்று வெள்ளிக்கிழமை, லண்டனிலிருந்து ஒரு கல்யாண வீட்டு உம்மா, பொண்ணுக்கும் தங்கைகளுக்கும் அதில் அபாயா தெரிவு செய்துகொண்டிருந்தார். திடீரென்று, "ஒண்டும் தெரியுதில்லியே ராத்தா, கடைய மூடிட்டீங்களா?" என்று மெசேஜ் வந்தது.

ஓடிப் பார்த்தால் ஃபோன் செத்துக் கிடக்கிறது. என் மாப்பிள்ளை, மகளின் வாப்பா, ஜும்ஆத் தொழுகைக்குத் தொப்பியோடு வாசலில் நிற்கிறார்.

"நீங்களா ஓஃப் பண்ணின?"

"ஓம். ஜும்ஆக்கு ஊர்ல எல்லாக் கடையும் பூட்டியாச்சி. நம்மட கடை மட்டும் திறந்து கிடக்கிறதா?"

"அது வெப்சைட்டுங்க! கடையில்ல!"

"யாவாரம் யாவாரம்தான் புள்ள" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

திரும்ப ஓட விட மகளுக்குத்தான் தெரியும். அவள் வேலை முடிந்து வருவதற்குள் அந்த உம்மா வேறு இடத்தில் தைக்கச் சொல்லிவிட்டார்.

மார்க்கத்தைச் சொல்லும் மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? தொழுதுவிட்டு வந்தவரிடம், "அப்ப லண்டன்ல ஜும்ஆ நேரம் வந்தா அதுக்கும் பூட்டுறதா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், அதும் சரிதான்" என்கிறார்.

உங்கள் வீட்டு மாப்பிள்ளைமாரும் இப்படித்தானா? சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.