நீளப் பாட்டு

வலது தோள் இறங்கிப்போன பிறகு என்னால் வலை இழுக்க முடியவில்லை. பொன்னேரியில் கட்டுப் போட்டவர், "சோறு தின்னலாம், சாமி கும்பிடலாம், பாரம் மட்டும் இழுக்காதே" என்றார். கும்பிடுவதற்காவது கையை விட்டுவைத்தாளே என்று அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது என் மனைவியின் மீன் கூடையால்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் பங்கு வலையை விற்று ஒரு சவுண்ட் செட் வாங்கினேன். பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர், ஒரு குழாய் ஸ்பீக்கர், பழைய காரிலிருந்து கழற்றிய ஒரு டேப். காதுகுத்து, சீமந்தம், கோயில் கூழ் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். முதல் பாட்டு எப்போதும் அம்மன் பாட்டுதான்.

எண்பதுகளில் டிஸ்கோ வந்தது. மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்த என் பங்காளி இரண்டு கேசட் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பாடுகிற ஆளே இல்லை. கரண்டில் அடிக்கும் மேளம், அதன்மேல் விசில் மாதிரி ஒரு வாத்தியம், அவ்வளவுதான். என் மனைவி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காது கொடுத்தாள்.

"இன்னாய்யா இது, ஐஸ் பேக்டரி மிஷின் மாதிரி கீது?"

அன்றிலிருந்து எங்கள் பக்கம் அதற்கு மிஷின் மேளம் என்று பெயர்.

ஆட்டத்துக்கு அது நன்றாக இருந்தது. ஆனால் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சத்தம் நின்றுவிடும். ஆடுகிறவன் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பான். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். இன்னொரு டேப் வாங்கினேன். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க டேப்புக்கு ஒன்றாக இரண்டு திருகு வைத்து ஒரு சின்ன மிக்சர் பெட்டி செய்து கொடுத்தார். ஒரு திருகை இறக்கிக்கொண்டே மற்றதை ஏற்ற வேண்டும். ஆனால் இரண்டு மேளத்தின் அடியும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டுமே! கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் நொண்டிக் குதிரை ஓடுகிற மாதிரி இருக்கும். டேப் மோட்டாரின் முதுகில் ஒரு சின்னத் துளை உண்டு. அதற்குள் ஒரு ஸ்க்ரூ. திருப்பினால் வேகம் கூடும், குறையும். டிரான்சிஸ்டர் இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு, தினமும் பூஜை முடிந்ததும் உட்கார்ந்து அதைப் பழகினேன்.

அந்தச் சமயத்தில்தான் ஏரிக்கரையில் என் மாமனார் ஊரான தோணிரேவில் என் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாமனார் பொன்னேரியிலிருந்து பெரிய செட்டு கொண்டுவரப் பார்த்தார். என் மனைவி நடுக்கூடத்தில் நின்றுகொண்டாள்.

"நைனா, ஊட்டு மாப்ளைய வச்சிக்கினு வெளி செட்டா? அவரே போடுவாரு."

மாமனார் என் தோளைப் பார்த்தார். "போடட்டும். ஆனா நடுவுல கொய்யினு நின்னுச்சினா, செட்ட வித்துட்டு வந்து எங்கூட ஒக்காந்து வலை முடிஞ்சி தரணும். இன்னா மாப்ள?"

"சரி மாமா" என்றேன். வேறு என்ன சொல்வது? கல்யாண மாப்பிள்ளையான மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மாமா, இப்பவே ஊசி நூலு எடுத்து வைக்கவா?" என்றான். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் இரண்டு டேப்பையும் திறந்து துடைத்தேன். எங்களுடையது கடலோடு சேர்ந்த உப்பேரி, அந்தக் காற்றின் உப்பு எதையும் விடாது. எங்கள் வீட்டில் பூட்டு, கத்தி, என்ஜின் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் எண்ணெய்தான். அதே பழக்கத்தில், டேப்புக்குள் இருந்த ரப்பர் பெல்ட்டுக்கும் நல்லதாக இருக்கட்டும் என்று எண்ணெய் தடவினேன். முதல் டேப்பின் மூடி இறுகிக்கொண்டு வரவில்லை. அதனால் தடவியது இரண்டாவதற்கு மட்டும். அதை இன்றைக்கும் அம்மன் கருணை என்றே சொல்வேன்.

விடிந்ததும் மூன்று படகில் எதிர்க்கரைக்குப் போய்ப் பெண்ணை அழைத்துக்கொண்டு திரும்பினோம். முதல் படகில் பெண்ணும் மாமனாரும், செட்டோடு நானும் என் மனைவியும். பாய்மரத்தில் குழாயைக் கட்டியிருந்தேன். பாதி ஏரியில் காற்று செத்துவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. முகூர்த்தத்துக்கு நேரம் அதிகமில்லை. நான்கு பேர் மூங்கில் கழியை எடுத்து, ஆழமில்லாத ஏரியின் தரையில் ஊன்றிப் படகைத் தள்ள ஆரம்பித்தார்கள்.

முதல் டேப்பில் மிஷின் மேளம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லவில்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் நான்கு கழியும் அந்த அடிக்கே விழுந்தன. படகு வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் வந்த படகுகளும் அதே தாளத்தில் வந்தன. கேசட் முடியப் போகிறது என்று இரண்டாவதைத் தட்டி, இயர்போனில்கூடக் கேட்காமல் திருகை ஏற்றினேன். அவசரம்.

குழாயில் மாடு கத்தியது. அசல் மாட்டுக் குரல் மாதிரியேதான். இழுத்து இழுத்து, "ம்ம்மாஆ" என்று. கழிகள் ஒன்றோடொன்று மோதின. படகு ஆடியது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அழுதுகொண்டிருந்த கல்யாணப் பெண் பக்கென்று சிரித்துவிட்டாள்.

"மாப்ள, கன்னு போட்டுதா?" என்றார் மாமனார்.

இரண்டாவதை இறக்கிவிட்டு முதல் டேப்பை மறுபடி ஏற்றினேன். கழிகள் மறுபடி சேர்ந்தன. அந்தக் கேசட்டில் மூன்று நான்கு நிமிடம்தான் மிச்சம். இரண்டாவது டேப்பைப் பிரித்தேன். பெல்ட் எண்ணெயில் மினுங்கியது. அது வழுக்கித்தான் டேப் இழுத்து இழுத்து ஓடியிருக்கிறது என்று என் தப்பு அப்போதுதான் புரிந்தது. என் மனைவி புதுப்புடவை முந்தானையை நீட்டினாள். "தொடய்யா." துடைத்தேன். வழுக்கல் போகவில்லை.

என் சட்டைப்பையில் அம்மன் கோயில் திருநீறு பொட்டலம் இருந்தது. சாம்பல் எண்ணெயை இழுத்துக்கொள்ளும் என்று தெரியும். கை அதைத் தொட்டது, எடுக்கவில்லை. நெற்றியில் இடுகிறதை டிஸ்கோ மிஷினில் பூசலாமா?

மனைவி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "அம்மா கோச்சிக்க மாட்டா. அவளுக்கும் பொண்ணு நேரத்துல போய்ச் சேரணும்ல."

மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முதலில் நெற்றியில் இட்டேன். மிச்சத்தைப் பெல்ட் முழுக்கத் தேய்த்து, ஊதித் துடைத்து மாட்டினேன். இயர்போனை வைத்தேன். மேளம் நேராக நின்று அடித்தது. கொஞ்சம் வேகம் குறைவு. இந்தமுறை மற்ற டேப்பைக்கூடக் கேட்கவில்லை. கழி விழுவதைப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூவைத் திருப்பினேன். காதில் ஒரு அடி, கண்ணில் ஒரு கழி. இரண்டும் ஒன்றான நேரம், ஒரு திருகை ஏற்றி மற்றதை இறக்கினேன். முதல் கேசட் டக்கென்று நின்றது எனக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும்.

கழிகள் ஓர் அடிகூடத் தவறவில்லை.

பிறகு அதில் இதில் என்று மாற்றி மாற்றி ஆறேழு தடவை சேர்த்திருப்பேன். கரை தெரிந்தது. தவிலும் நாதசுரமும் எங்களை எதிர்கொண்டு வந்தன. நேரம் இருந்தது. மாமனார் இறங்குவதற்கு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டே குழாயை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா மாப்ள, நடு ஏரில புடிச்ச பாட்டு இன்னும் ஓடிக்கினே கீது? இவ்ளோ நீளமாவா ஒரு பாட்டு போடுவான்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி விலாவில் இடித்தாள்.

"ஆமா நைனா," என்றாள். "நீளப் பாட்டு."

"கேக்க நல்லா கீது. ஆடி மாசம் கூழு ஊத்தறப்ப இதையே கொண்டாரச் சொல்லு."

அவர் தண்ணீரில் இறங்கி நடந்துவிட்டார். வலை முடிவதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. ஆடி மாதம் தோணிரேவில் போட்டேன். அடுத்து ஆரம்பாக்கத்திலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்து, என் வாசலில் நின்று கேட்டார்: "நீளப் பாட்டுக்காரர் வீடு இதானே?"

உள்ளே கூடையைக் கழுவிக்கொண்டிருந்த என் மனைவிதான் முதலில் குரல் கொடுத்தாள். "இதான், உள்ள வாங்க." நான் திருநீறு பொட்டலம் சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தேன்.